ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு பிரெஞ்சுப் பெயர்

90களில் ஹார்லிக்ஸ் குடித்து வளர்ந்தவர்களுக்கு 'ஸ்மித்க்லைன் பீச்சம்' என்ற கம்பெனிப் பெயர் நினைவிருக்கலாம். அந்தப் 'பீச்சம்' பிரெஞ்சிலிருந்து வந்த குடும்பப் பெயர் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

பிரபு வீடுகளில் அதை எழுதும் விதமே வேறு: பி-இ-ஏ-யு-சி-எச்-ஏ-எம்-பி. பிரெஞ்சில் 'அழகிய வயல்' என்று பொருள். பாரிஸ்காரர் வாயில் ஏறக்குறைய 'போஷான்'. இங்கிலாந்தில் அதே எழுத்துகளுக்கு 'பீச்சம்'. கொஞ்சம் பிரெஞ்சு படித்த மிதப்பில் நாலு பேர் முன்னால் 'போஷான்' என்று அழுத்திச் சொல்லி நான் அசடு வழிந்ததும் உண்டு.

தஞ்சாவூரை டான்ஜோர் ஆக்கிய வாய்தானே, இதையும் கெடுத்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. 1066இல் பிரான்சின் நார்மண்டியை ஆண்ட வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அங்கே வேரூன்றிய பெயர்களில் இது ஒன்று. அந்தக் காலப் பிரெஞ்சில் சி-எச் என்றால் ஷ கிடையாது, நம் 'பச்சை'யில் வரும் ச்ச. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பிரான்சில் அது ஷ ஆகிவிட்டது; கடல் தாண்டியது பழையபடியே தங்கிவிட்டது. 'ச்சீஃப்' முன்பே ஆங்கிலத்துக்குப் போன சொல், 'ஷெஃப்' பிற்பாடு போனது. இரண்டும் ஒரே பிரெஞ்சுச் சொல்தான்! ஆக, மாற்றிக்கொண்டது பாரிஸ்.

முன்பாதி 'பீ' ஆனதில் ஆங்கிலேயர் கைவரிசை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். 'பெல்வுவார்' என்ற கோட்டையை அவர்கள் 'பீவர்' என்கிறார்கள். அதற்கெல்லாம் என்னால் வக்காலத்து வாங்க முடியாது.

இந்தப் பெயரில் பெரும்புள்ளி என்றால் வாரிக் பிரபு ரிச்சர்ட் பீச்சம். 1431இல், ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட ஜோன் ஆஃப் ஆர்க்கை அடைத்து வைத்திருந்த, பிரான்சின் ரூவான் கோட்டை அவர் பொறுப்பில் இருந்தது. பிரெஞ்சுப் பெயர்க்காரர் காவலில் பிரெஞ்சுப் பெண்!

கம்பெனியைத் தொடங்கிய தாமஸ் பீச்சமோ சிறுவயதில் ஆடு மேய்த்தவர், 1840களில் பேதி மாத்திரை விற்கத் தொடங்கியவர். அவர் பெயரில் பிரபு வீட்டு எழுத்து ஜோடனை கிடையாது. காதில் விழுந்தபடியே எழுதியது. 1969இல் ஹார்லிக்ஸை அவர் கம்பெனி வாங்கியது. போஷானா பீச்சமா என்று நான் பின்னாளில் குழம்பியதற்கு விடை, எங்கள் வீட்டு அலமாரியில் பாட்டில் லேபிளிலேயே இருந்திருக்கிறது.