இஷாங்கோ எலும்பை விட்டுவிட்டீர்களே
ஆப்பிரிக்கக் கணிதம் பற்றிய கட்டுரை நன்று. ஆனால் எகிப்தோடு நின்றுவிட்டது. 1950இல் காங்கோவில், எட்வர்டு ஏரிக்கரையில் கிடைத்த இஷாங்கோ எலும்பையும் சொல்லியிருக்கலாம். சுமார் 20,000 ஆண்டுப் பழமை, நீளம் 10 சென்டிமீட்டர்தான். மூன்று வரிசையாக, கூட்டம் கூட்டமாகக் கீறல்கள். ஒரு வரிசையில் கூட்டத்துக்கு 11, 13, 17, 19 கீறல்கள், கூட்டினால் 60. இன்னொன்றில் 11, 21, 19, 9, அதுவும் 60! மூன்றாவதில் 3க்குப் பக்கத்தில் 6, 4க்குப் பக்கத்தில் 8. இரட்டிப்பு மாதிரி இல்லையா? முதல் வரிசையைப் பார்த்துவிட்டு பகா எண்கள் (1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுபவை) அப்போதே தெரியும் என்று சிலர் குதிப்பார்கள். அது கொஞ்சம் அதிகம். வகுத்தல் தெரியாமல் பகா எண் ஏது? கீறல்கள் நிலாவை வைத்து நாள் எண்ணிய கணக்கு என்பவர்களும் உண்டு. எலும்பு இப்போது இருப்பது பிரசல்ஸ் அருங்காட்சியகத்தில், அது தனிக்கதை.