நல்ல தண்ணீர் என்று எதைச் சொல்கிறோம்?

உப்புக் கரிக்காத தண்ணீரைத்தான் நாம் ‘நல்ல தண்ணீர்’ என்கிறோம். சுவையைப் பற்றி நாக்கு சொன்ன அந்த ஒரு சொல்லையே உடல்நலத்துக்குமான சான்றாக எடுத்துக்கொண்டு, ஊற்றுநீர் என்றால் தூய்மை, மழைநீர் என்றால் அமுதம், குளத்துநீர் என்றால் அழுக்கு என்று பிறந்த இடத்தை வைத்தே தீர்ப்பு எழுதிவிடுகிறோம் என்பதுதான் என் நெடுநாள் மனக்குறை. ஒவ்வொரு நீருக்கும் தனிக் குணம் உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தக் குணத்தில் நாக்குக்குத் தெரிவது எவ்வளவு என்பதே கேள்வி.

மழைநீரை எடுத்துக்கொள்வோம். நீர் ஆவியாகும்போது உப்புகள் எல்லாம் கீழேயே தங்கிவிடுவதால், மேகத்திலிருந்து இறங்கும் துளியில் கால்சியமோ மக்னீசியமோ பெயரளவுக்குத்தான் இருக்கும். அதனால்தான் சோப்பு அதில் அவ்வளவு எளிதாக நுரைக்கிறது, குடித்தால் சப்பென்றும் இருக்கிறது. ஆனால் அது வெறும் நீரும் அல்ல. காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால், மாசே இல்லாத இடத்தில் பெய்யும் மழைகூட இலேசான அமிலத்தன்மையோடு, ஏறக்குறைய 5.6 என்னும் பிஎச் அளவில்தான் (7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) தரையைத் தொடுகிறது. இப்படிப்பட்ட மென்னீர் பழைய ஈயக் குழாய்களிலும் செப்புக் குழாய்களிலும் தங்கி நின்றால் அந்த உலோகத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். கூரையின் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும் முதல் மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதே மழை மண்ணுக்குள் இறங்கும்போது கதை மாறுகிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சால் மண்ணில் கரியமில வாயு காற்றில் உள்ளதைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்கும். அதையும் சேர்த்துக்கொண்ட நீர் சுண்ணாம்புப் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் கடினநீராகிறது. கிணற்று நீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், செதில் செதிலாக உரிந்து வரும். அதன்மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் பொரிந்து குமிழியிடும். பலர் இதைக் கண்டு அஞ்சுகிறார்கள், எனக்கு அந்த அச்சம் கிடையாது. பாத்திரத்துக்கும் சோப்புக்கும் அது தொல்லைதான், உடலுக்குக் கால்சியமும் மக்னீசியமும் வேண்டியவையே. கிணற்று நீருக்கு ஒரு ‘கட்டு’ இருப்பதாக நாக்கு உணர்வதும் இந்த உப்புகளால்தான்.

அஞ்ச வேண்டியவை நாக்குக்கு எட்டாதவை. ஆர்சனிக் என்னும் நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. உலக சுகாதார நிறுவனம் அதற்கு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்றும், ஃபுளோரைடுக்கு 1.5 மில்லிகிராம் என்றும் வரம்பு சொல்கிறது. இவை காய்ச்சினால் போகாது. நீர் வற்ற வற்ற இவற்றின் செறிவு கூடவே செய்யும். வங்கதேசத்தில், குளத்து நீரால் வரும் நோய்களுக்கு அஞ்சி 1970களில் பெருமளவில் குழாய்க் கிணறுகளை இறக்கினார்கள். கிருமிக்கு அது சரியான மருந்துதான். ஆனால் அந்தத் தெளிந்த நீரில் பல இடங்களில் ஆர்சனிக் இருந்தது 1993இல்தான் அங்கே தெரியவந்தது.

இதற்கு நேர்மாறான கதை லண்டனில் 1854இல் நடந்தது. பிராட் தெரு அடிகுழாயின் நீர் சுவைக்குப் பெயர்பெற்றது. அந்தத் தெருவிலிருந்து வெளியேறித் தொலைவில் குடியிருந்த ஒரு கைம்பெண், அந்தச் சுவையை விட மனமில்லாமல் அங்கிருந்தே நீரை வரவழைத்துக் குடித்து, காலராவில் இறந்தார். நோய் நீரின் வழியே பரவுகிறது என்று மருத்துவர் ஜான் ஸ்நோ எடுத்துவைத்த சான்றுகளில் அவருடைய மரணமும் ஒன்று.

ஊற்றுநீரின் புகழும் பாதிதான் உண்மை. மணலில் மெல்லக் கசிந்து வரும் ஊற்று நன்றாக வடிகட்டப்படுகிறது. சுண்ணாம்புப் பாறையின் பிளவுகளில் ஓடிவரும் ஊற்றோ மேலே விழுந்த சாணத்தைச் சில நாள்களிலேயே கீழே கொண்டுவந்து சேர்த்துவிடும். மழை பெய்த மறுநாள் ஒரு ஊற்று கலங்குகிறது என்றால் அது இந்த இரண்டாம் வகை என்று கொள்ளலாம். ஆற்று நீர் நேற்று இருந்தபடி இன்று இருக்காது, அதைப் பற்றிப் பொதுவாக எதுவும் சொல்வதற்கில்லை. குளத்து நீரின் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும், ஆனால் அது தீங்கற்றது. அதே குளத்தில் சில நீலப்பச்சைப் பாசிகள் விடும் நச்சு மூக்குக்கும் தெரியாது, கொதிக்க வைத்தாலும் அழியாது.

நாங்கள் முன்பு குடியிருந்த வீட்டின் ஆழ்துளைக் கிணற்று நீர் இறைக்கும்போது கண்ணாடிபோல் தெளிந்திருக்கும்; குடத்தில் வைத்த சில மணி நேரத்தில் காற்றுப் பட்டுச் செம்மஞ்சளாகி, அடியில் துரு படியும். பக்கத்தில் இருந்த திறந்த கிணற்று நீரோ இனிக்கும். இரண்டையும் ஆய்வுக்கு அனுப்பியபோது, எங்கள் நீரில் இரும்பைத் தவிர வேறு குறை எதுவும் இல்லை. இனித்த நீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. கிணற்றை ஒட்டிக் கழிவுநீர்க் குழி இருந்ததை அதன்பிறகுதான் நாங்கள் கவனித்தோம். நைட்ரேட் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கும் என்பதால், அங்கிருந்த குழந்தைக்குப் பால் கலக்க மட்டும் எங்கள் ‘துரு’ நீரை வடிகட்டிக் கொடுக்கத் தொடங்கினோம். பெரியவர்கள் சிலர் குடத்தை எடுத்துக்கொண்டு பழையபடி அந்தக் கிணற்றுக்கே போய்க்கொண்டிருந்தார்கள்.