ஐஸ் உறைவதால் காலம் பின்னோக்கி ஓடாது
"ஃப்ரீசரில் தண்ணீர் ஐஸாகும்போது என்ட்ரோபி குறைகிறது, அதனால் அங்கே காலம் பின்னோக்கிப் போகிறது" என்று சிலர் சொல்வதில் முதல் பாதி மட்டும்தான் சரி. என்ட்ரோபி என்பது ஒரு பொருளின் மூலக்கூறுகள் எவ்வளவு ஒழுங்கின்றிக் கலைந்திருக்கின்றன என்பதன் அளவு; அது கூடும் திசையைக் காலத்தின் திசையோடு இணைத்துப் பேசுவதால்தான் இந்தக் குழப்பம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 0 டிகிரியில் 1 கிலோ தண்ணீர் உறைய 334 கிலோஜூல் வெப்பத்தை வெளியே விட வேண்டும். அதை 273 கெல்வினால் வகுத்தால், தண்ணீரின் என்ட்ரோபி சுமார் 1,223 ஜூல்/கெல்வின் குறைகிறது. அந்த வெப்பம் எங்கே போகிறது? ஃப்ரிட்ஜின் பின்பக்கக் கம்பிச்சுருளைத் தொட்டால் சுடுமே, அந்த வழியாக அறைக்குள். கம்ப்ரஸர் 167 கிலோஜூல் மின்சாரம் இழுத்ததாக வைத்துக்கொண்டால், மொத்தம் 501 கிலோஜூல் 30 டிகிரி அறையில் சேர்கிறது. அதை 303 கெல்வினால் வகுத்தால், அறையின் என்ட்ரோபி 1,653 ஜூல்/கெல்வின் கூடுகிறது. ஆக, நிகர ஏற்றம் 430. என்ட்ரோபி குறையாது என்னும் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி பேசுவது தனித்து அடைபட்ட முழு அமைப்பைப் பற்றி. ஐஸ் தட்டைத் தனியாகப் பிரித்துவைத்து அதை மறுக்க முடியாது.

இன்னொன்றும் முக்கியம், பலரும் தவறவிடுவது: என்ட்ரோபி காலத்தைத் தள்ளும் விசை அல்ல. மூலக்கூறுகளின் மோதல் விதிகள் இரு திசைக்கும் ஒன்றே என்று 1876-லேயே இயற்பியலாளர் லோஷ்மிட் சுட்டிக்காட்டினார்; என்ட்ரோபி ஏற்றத்தை மூலக்கூறு மோதல்களிலிருந்தே நிறுவலாம் என்ற இயற்பியலாளர் போல்ட்ஸ்மானின் வாதத்துக்கு எதிராக அவர் வைத்த மறுப்பு அது. அந்த விதிகளிலிருந்து மட்டும் காலத்துக்கு ஒரு திசை பிறக்காது. பிரபஞ்சம் மிகக் குறைந்த என்ட்ரோபியில் தொடங்கியது என்ற தொடக்க நிபந்தனையும் சேர வேண்டும். அது ஏன் அப்படித் தொடங்கியது என்பதற்கு எல்லோரும் ஏற்கும் விடை இன்னும் இல்லை.