எந்த மண்ணில் நின்றார்கள் என்று கேளுங்கள்

1846இல் அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் மூண்ட போரைப் பற்றி ஒரு வீடியோ சுற்றுகிறது, அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "முதலில் சுட்டது மெக்சிகோ, தோற்றதும் மெக்சிகோ, நிலத்துக்குக் காசும் வாங்கிக்கொண்டது, பிறகென்ன புலம்பல்" என்று அதில் வருபவர் அடித்துப் பேச, விஷயம் தெரிந்த நண்பர்களே கீழே இதயம் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

1846 ஏப்ரல் 25. ரியோ கிராண்டே ஆற்றுக்கு வடக்கே ரோந்து வந்த அமெரிக்கப் படைப்பிரிவை மெக்சிகோக் குதிரைப்படை வளைத்துத் தாக்கியது. பத்துக்கு மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் செத்தார்கள், மற்றவர்கள் பிடிபட்டார்கள். இதை யாரும் மறுக்கவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: அவர்கள் எந்த மண்ணில் நின்றார்கள்?

ஸ்பெயின் ஆண்ட காலத்திலிருந்தே டெக்சஸ் மாகாணத்தின் தெற்கு எல்லை நுயேசஸ் ஆறு. ரியோ கிராண்டே அதற்கும் தெற்கே, கடலோரமாகப் போனால் சுமார் 200 கிலோமீட்டர். 1836இல் மெக்சிகோவிலிருந்து பிரிந்த டெக்சஸ், அதே டிசம்பரில் ஒரு சட்டம் போட்டு "எங்கள் எல்லை ரியோ கிராண்டே" என்றது. சட்டம் போட்டதே தவிர, அந்த இடைப்பட்ட நிலத்தை ஆளவில்லை. அந்தக் கணக்குப்படி, ரியோ கிராண்டேவுக்குக் கிழக்கே மெக்சிகோ ஆண்டுகொண்டிருந்த சாண்டா ஃபே நகரமும் டெக்சஸுக்குத்தான் சேர வேண்டும். 1841இல் அதைப் பிடிக்கப் போன டெக்சஸ் ஆட்கள் கைதிகளாக மெக்சிகோவுக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். வரப்பை நகர்த்திப் போட்டு, அதன் மேல் ஆளையும் நிறுத்திவிட்டு, பக்கத்துக் காட்டுக்காரன் கம்பை எடுத்ததும் "அவன்தான் முதலில் அடித்தான்" என்று ஊரைக் கூட்டுவது நியாயமா?

1845 டிசம்பரில் அமெரிக்கா டெக்சஸைச் சேர்த்துக்கொண்டது. அந்தத் தகராறு எல்லையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. 1846 ஜனவரி 13 அன்று, நுயேசஸ் முகத்துவாரத்தில் முகாமிட்டிருந்த தளபதி டெய்லரை ரியோ கிராண்டேவுக்கு முன்னேறச் சொல்லி உத்தரவு போனது. மார்ச்சில் அவர் பாயிண்ட் இசபெல் துறையை நெருங்கியபோது, அங்கிருந்த கட்டடங்களுக்கு மெக்சிகோக்காரர்களே தீ வைத்துவிட்டு வெளியேறினார்கள். அங்கே மெக்சிகோவின் சுங்கச்சாவடி இருந்தது. அது அமெரிக்க மண் என்றால் மெக்சிகோ அங்கே எப்படிச் சுங்கம் வசூலித்தது? அடுத்து, ரியோ கிராண்டேவின் தென்கரையில் இருந்த மெக்சிகோ நகரான மத்தமோரோஸுக்கு நேர் எதிரே கோட்டை கட்டி, ஊர்ச் சதுக்கத்தைக் குறிபார்த்துப் பீரங்கிகளை நிறுத்தினார். பிறகு ஆற்று முகத்துவாரத்தை அடைத்து, எதிர்க்கரைப் படைக்குக் கடல் வழியாக வந்த சரக்கையும் நிறுத்தினார். அந்த "முதல் குண்டு" இதற்கெல்லாம் அப்புறம்தான் வருகிறது.

டெய்லரின் படையிலேயே இருந்த கர்னல் ஹிட்ச்காக் அப்போதே தன் நாட்குறிப்பில் எழுதிவிட்டார்: இங்கே இருக்க நமக்குத் துளி உரிமையும் இல்லை, கலிபோர்னியாவைப் பிடிக்க ஒரு சாக்கு வேண்டும் என்பதற்காகவே சிறு படையை அனுப்பியது போல இருக்கிறது என்று. எழுதியவர் மெக்சிகோக்காரர் இல்லை. அந்தக் கரைக்கே அணிவகுத்துப் போன அமெரிக்க அதிகாரி.

இன்னொன்று, இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். மே 9 சனிக்கிழமை, அதிபர் போல்க் தன் அமைச்சரவையைக் கூட்டிப் போர் கேட்கும் முடிவை எடுத்துவிட்டார். ஏப்ரல் 25 தாக்குதல் செய்தி வாஷிங்டனுக்கு வந்தது அன்று மாலைதான். முடிவு முதலில், காரணம் பிறகு. மே 11 அன்று "அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தம் சிந்தப்பட்டது" என்று நாடாளுமன்றத்துக்கு எழுதினார். எந்த இடம், காட்டுங்கள் என்று 1847 டிசம்பரில் தீர்மானம் கொண்டுவந்தவர் ஆபிரகாம் லிங்கன். அடுத்த மாதமே, இது தேவையில்லாமலும் அரசியல் சட்டத்துக்கு விரோதமாகவும் அதிபரால் தொடங்கப்பட்ட போர் என்று கீழவை 85க்கு 81 என வாக்களித்தது. அமெரிக்கர்களே சொன்னதை நான் சொன்னால் நான் அமெரிக்க வெறுப்பாளனா?

"பேச வந்த தூதரை மெக்சிகோ சந்திக்கவே இல்லையே?" உண்மை. ஆனால் டெக்சஸ் சிக்கலைப் பேச ஓர் ஆணையரை அனுப்புங்கள் என்பதற்குத்தான் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். போல்க் அனுப்பிய ஸ்லைடெல், நியூ மெக்சிகோவுக்கும் கலிபோர்னியாவுக்கும் 2.5 கோடி டாலர் வரை விலை பேசும் அதிகாரத்தோடு, முழுத் தூதராக வந்தார். அவரை வரவேற்றால் டெக்சஸ் போனதை ஏற்றுக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

"மெக்சிகோ அதிபர் சாண்டா அன்னா 1836இல் டெக்சஸ்காரர்களோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாரே?" கைதியாக இருந்தபோது போட்ட கையெழுத்து. மெக்சிகோ அரசு ஏற்கவில்லை.

"மெக்சிகோ அதிபரும் போர் என்றுதானே முழங்கினார்?" முழங்கினார், ஏப்ரல் 23 அன்று, தற்காப்புப் போர் என்று. பீரங்கி வந்து ஊருக்கு எதிரே நின்ற பிறகு.

அப்புறம் அந்தக் காசு. "விற்றார்கள்" என்ற சொல்லைக் கேட்டதும்தான் எனக்கு நெஞ்சு கொதித்தது. போருக்கு முன் 2.5 கோடி வரை தரத் தயாராக இருந்தவர்கள், போரை முடித்த 1848 பிப்ரவரி 2 ஒப்பந்தத்தில் கொடுத்தது 1.5 கோடி. அப்போது மெக்சிகோவின் தலைநகரில் உட்கார்ந்திருந்தது அமெரிக்கப் படை. போனது சுமார் 13.6 லட்சம் சதுர கிலோமீட்டர். டெக்சஸையும் சேர்த்தால் நாட்டில் பாதிக்கு மேல்.

அந்த நிலத்தில் மனிதர்கள் இருந்தார்கள் என்பதை அந்த வீடியோவில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. பழைய நில மானியங்கள் செல்லும் என்று ஒப்பந்தத்தின் பத்தாம் பிரிவு உறுதி கொடுத்தது. அமெரிக்க மேலவை அந்தப் பிரிவையே அடித்துவிட்டது. 1851இல் கலிபோர்னியாவுக்கு ஒரு சட்டம் வந்தது: உன் நிலம் உன்னுடையது என்று நீயே ஆணையத்தின் முன் இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட்டு நிரூபிக்க வேண்டும். தலைமுறையாக மாடு மேய்த்த குடும்பங்கள், எல்லைக்கு மரத்தையும் ஓடையையும் அடையாளம் சொன்ன பழைய ஸ்பானிய வரைபடங்களைத் தூக்கிக்கொண்டு, தெரியாத மொழியில் வழக்காடின. மேல்முறையீடு, அதற்கும் மேல் முறையீடு என்று வருஷக்கணக்கில் இழுத்தது. பட்டா செல்லும் என்று தீர்ப்பு வாங்கியவர்களிலேயே பலர், அதற்குள் வக்கீல் கூலிக்கும் வட்டிக்கும் அந்த நிலத்தையே எழுதிக் கொடுத்துவிட்டிருந்தார்கள்.