விமானிகளின் ஒப்பந்தத்தில் "வளர்ச்சி" எந்த வரியில் இருக்கிறது?

சேலம் விமானம் ரத்து என்று தகவல் வந்தால் போதும், "மாசம் லட்சக்கணக்குல வாங்கறாங்க, இன்னும் என்னதான் வேணுமாம் பைலட்டுங்களுக்கு?" என்ற பேச்சு உடனே கிளம்பிவிடும். அதற்குப் பதில் சொல்ல, அந்தச் சம்பளம் எப்படிக் கணக்காகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

விமானி சம்பளத்தில் பெரும்பங்கு மணிக்கணக்கு. சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்து விமானம் நகர்ந்த நேரத்திலிருந்து, இறங்கி நிறுத்துமிடத்தில் நிற்கும் வரை "பிளாக் அவர்". மணிக்கூலி அதற்குத்தான். பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதத்துக்கு இத்தனை மணிக்குச் சம்பளம் உறுதி என்று ஒரு எண் ஒப்பந்தத்தில் இருக்கும். தறி தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தாரமங்கலத்திலும் இளம்பிள்ளையிலும் நெய்தால்தான் கூலி. பாவு (தறியில் ஏற்றும் நூல்) வராத வாரம் தறியும் நிற்கும், கூலியும் நிற்கும். பாவு வருவது நெய்கிறவர் கையில் இல்லை. அதேபோல விமானம் வாங்குவது, எஞ்சினைப் பழுதுபார்ப்பது, ரோஸ்டர் (யார் எப்போது பறப்பது என்ற பணிப்பட்டியல்) போடுவது எதுவும் விமானி கையில் இல்லை. அந்த உறுதி மணிக்கணக்குதான் அவருக்கு இருக்கும் ஒரே பிடிமானம்.

பெரிய சண்டைகள் பலவும் அந்த எண்ணைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன. ஏர் இந்தியாவில் கொரோனாவுக்கு முன் 70 மணியாக இருந்தது 2020-இல் 20 ஆனது. 2023 ஏப்ரலில் டாடா நிர்வாகம் அதை 40 ஆக்கியபோது, இந்தியன் பைலட்ஸ் கில்ட், இந்தியன் கமர்ஷியல் பைலட்ஸ் அசோசியேஷன் ஆகிய இரண்டு சங்கங்களும் ஏற்கவில்லை. 2024-இல் விஸ்தாரா, ஏர் இந்தியாவோடு இணையும் முன், 70-ஐ 40 ஆக்கியது. மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் விமானிகள் போதாமல், தினமும் 25 முதல் 30 விமானங்கள் வரை குறைக்க வேண்டி வந்தது.

புரிவதற்காக, மணிக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்த மாதம் ரோஸ்டரில் 45 மணி நேரம்தான் கிடைத்தது. உறுதி 70 என்றால் கைக்கு 3,50,000. உறுதி 40 என்றால் 2,25,000. வேலைக்கு வரத் தயாராக இருந்தது இரண்டிலும் ஒரே ஆள்தான். ஒரு மாதத்தில் 1,25,000 போய்விட்டது.

ஏன் 45 மணிதான் கிடைத்தது? நிறுவனம் வளர்கிறது, அதனால்தான். விமானியை வேலைக்கு எடுத்தவுடன் பறக்கவிட முடியாது. டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டும் தகுதி), சிமுலேட்டர், பிறகு பயிற்றுநர் கேப்டனோடு பயணிகள் விமானத்திலேயே பயிற்சி என்று மாதக்கணக்கில் ஆகும். ஆகவே விமானம் வருவதற்கு முன்பே ஆள் எடுத்தாக வேண்டும். விமானம் தாமதமானால், அல்லது பிராட் அண்ட் விட்னி எஞ்சின் கோளாறில் நடந்ததுபோல வந்த விமானமே தரையில் நின்றால், ஆள் மிஞ்சிப்போய் பறக்கும் நேரம் குறையும். அந்த எஞ்சினைக் காரணம் காட்டித்தான் கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் திவால் மனு கொடுத்தது. உறுதி மணி உயரமாக இருந்தால் தாமதத்தின் செலவு நிறுவனத்துக்கு, தாழ்வாக இருந்தால் விமானிக்கு. பேச்சுவார்த்தை மேஜையில் வளர்ச்சி என்ற சொல் வரும்போதெல்லாம் அந்தச் செலவு யாருக்கு என்று கேட்க வேண்டும்.

விமானிகள் வளர்ச்சிக்கு எதிரிகள் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்களைவிட அதை விரும்புகிறவர்கள் இல்லை. இந்தத் தொழிலில் எல்லாமே சீனியாரிட்டி. வலது இருக்கையில் ஃபர்ஸ்ட் ஆபீசராக இருப்பவர் இடது இருக்கைக்குப் போனால் சம்பளம் இரண்டு மடங்கும் ஆகலாம். புது விமானம் வந்தால்தான் அந்த இருக்கை காலியாகும். ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் 470 விமானங்களுக்கும், இண்டிகோ அதே ஆண்டு ஜூனில் 500 விமானங்களுக்கும் ஆர்டர் அறிவித்தபோது இளம் விமானிகள் மனதில் ஓடிய கணக்கு இதுதான். சங்கம் உடைவதும் இங்கேதான். 28 வயதுக்காரர் "சீக்கிரம் கையெழுத்துப் போடுங்கள், விமானம் வரட்டும்" என்பார். 65-இல் ஓய்வு பெறப்போகும் 60 வயது கேப்டனுக்கு அந்த விமானத்தால் ஒன்றும் இல்லை; அவருக்கு மணிக்கூலியும் ஓய்வு நேரமும்தான் கணக்கு. இரண்டு பேரும் சொல்வது சரி. நிர்வாகம் இந்தப் பிளவைத் தெரிந்துகொண்டுதான் பேச வருகிறது.

அமெரிக்க ஒப்பந்தங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் மூன்றிலும் "ஸ்கோப்" விதி உண்டு. 76 இருக்கைக்கு மேற்பட்ட விமானத்தைக் குறைந்த சம்பளம் தரும் வட்டார நிறுவனத்திடம் ஓட்டக் கொடுக்க முடியாது. வளர்ச்சி வந்தால் எந்த நிறுவனத்தின் சீனியாரிட்டிப் பட்டியலில் உள்ளவருக்கு வரும் என்பதை எழுத்தில் கட்டிவிட்டார்கள். அங்கே ஒப்பந்தம் காலாவதியும் ஆவதில்லை. திருத்தத்துக்குரிய தேதி கடந்தாலும் புது ஒப்பந்தம் வரும்வரை பழைய நிபந்தனைகள் நிற்கும். 2023-இல் டெல்டா விமானிகள் 4 ஆண்டுக்கு 34 சதவீத உயர்வு வாங்கினார்கள். ஆனால் அந்த 34-ஐவிட ஸ்கோப் விதி பெரியது என்பேன். சம்பளத்தை அடுத்த சுற்றில் ஏற்றலாம்; வேறு கம்பெனிக்குப் போன விமானம் திரும்பி வராது.

இங்கே, பழைய தொழிற்தகராறு சட்டப்படி சமரச அதிகாரி முன்னிலையில் சங்கமும் நிர்வாகமும் போடும் 12(3) ஒப்பந்தம் என்றால் போக்குவரத்துக் கழகத் தொழிலாளி வீட்டில் எல்லோருக்கும் தெரியும். விமானிக்கு அந்தப் பாதையே குறுகல். சம்பளமும் "மேலாளர்" பட்டமும் காட்டி, நீங்கள் தொழிலாளியே இல்லை என்று வாதிட முடியும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி, தொழிலாளர்களில் 50 சதவீதம் பேர் சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலே அது வேலைநிறுத்தம். வேறு நிறுவனத்துக்குப் போகலாம் என்றால் நோட்டீஸ் காலம் ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு 6 மாதம், கேப்டனுக்கு ஒரு வருடம். கதவையும் சாத்தி, பேசும் வாயையும் கட்டிவிட்டு, சந்தை சம்பளத்தை முடிவு செய்யட்டும் என்பது நியாயமே இல்லை.

இனி சேலத்துக்கு வருவோம். காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்தின் ஓடுபாதை 1,806 மீட்டர். அதனால் வருவது 70 பேர் போகும் சிறு விமானமான ஏடிஆர் 72. 2018 மார்ச்சில் தொடங்கிய ட்ரூஜெட் நிறுவனத்தின் சேவை 2021-இல் நின்றது. 2023 அக்டோபரில்தான் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. பெங்களூரு–சேலம்–கொச்சி போன்ற வழித்தடத்தில் ஒவ்வொரு தாவலும் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான். நாலு முறை ஏறி இறங்கினாலும் பிளாக் அவர் நாலு, ஐந்து மணிக்குள் அடங்கிவிடும். இடையில் பயணிகள் இறங்கி ஏறும் நேரம், எரிபொருள், காத்திருப்பு எல்லாம் சேர்ந்து பணி நேரம் எட்டு, ஒன்பது மணியாகும். பிளாக் அவர் மட்டுமே கூலி என்றால் சிறு ஊர்களுக்குப் பறக்கிறவருக்குத்தான் நட்டம். அனுபவம் சேர்ந்ததும் அவர் பெரிய ஏர்பஸ் விமானத்துக்குத் தாவத்தான் பார்ப்பார். அமெரிக்காவில் "டியூட்டி ரிக்" என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்: இரண்டு மணி பணி நேரத்துக்கு ஒரு மணிச் சம்பளமாவது உறுதி. ஏடிஆர் விமானிகளுக்கு இது வந்தால், காத்திருப்பு நீளும் நாளிலாவது அதற்குக் கூலி கிடைக்கும்; அது நமக்கும் நல்லது. ஆள் குறைந்தால் 180 பேர் போகும் விமானத்தைக் காப்பாற்ற 70 பேர் போகும் விமானத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ததே, அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது விமானிகளின் புது ஓய்வு விதி. வாராந்திர ஓய்வு 36-லிருந்து 48 மணியாகும், இரவில் இறங்குவது 6-லிருந்து 2 ஆகக் குறையும் என்ற அந்த விதி 2024 ஜனவரியிலேயே வெளியானது. ஆள் சேர்க்கக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் இருந்தது. அதை விமானிகள் தலையில் எழுதாதீர்கள்.

பறக்கும் பயிற்சிப் பள்ளிக்கு விமான நிலைய ஆணையம் இடம் ஒதுக்கிய நிலையங்களில் சேலமும் ஒன்று. 200 மணி நேரம் பறந்து லைசென்ஸ் வாங்கி, டைப் ரேட்டிங்கும் முடிப்பதற்குள் 50 லட்சத்தைத் தாண்டிவிடும். பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர், வேலைக் கடிதம் வந்ததும் மாதச் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். உறுதி மணி எத்தனை, அதை நிர்வாகம் தன்னிச்சையாகக் குறைக்க முடியுமா, பயிற்சிக்கான பாண்ட் (இடையில் விலகக் கூடாது என்ற உறுதிப் பத்திரம்) எத்தனை வருடம், இணைப்பு நடந்தால் சீனியாரிட்டி எந்தத் தேதியிலிருந்து என்ற நாலையும் எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். "கம்பெனி வளர்ந்ததும் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால், வங்கியில் கடன் பத்திரத்துக்குக் கையெழுத்துப் போடுவதை அன்றைக்குத் தள்ளி வையுங்கள்.