ஐயர் ஒருத்தர், கோயில் ஏழு

கிறிஸ்தவக் குருவானவரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அந்த ஐயர் மாறும் காலம் வந்தாலே எங்கள் பக்கத்துச் சேகரங்களில், அதாவது ஒரே குருவின் கீழ் இருக்கிற ஊர்ச் சபைகளில், ஒரே பேச்சுதான்: "வர்ற ஐயர் நல்லா பிரசங்கம் பண்ணுவாராமா?" சரி, பண்ணட்டும். ஆனால் ஏழெட்டு ஊர்ச் சபைகளைச் சேர்த்துப் பார்க்கிற சேகர குருவுக்கு அதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. தான் வர முடியாத ஞாயிற்றுக்கிழமையை நடத்த ஊருக்கு ஊர் ஆள் தயார் பண்ணுவது.

ஞாயிறு காலை அவர் படுகிற பாடு தெரிந்ததுதான். அங்கியைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, விடிந்தும் விடியாமலும் பைக்கில் ஒரு கிளைச் சபைக்குப் போய்த் திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும்) கொடுத்து, தலைமைச் சபையில் இரண்டாம் மணி அடிப்பதற்குள் திரும்ப வேண்டும், நடுவில் "ஐயா, வீட்டுல ஒரு ஜெபம்" என்று யாராவது வண்டியை மறிப்பார்கள். இந்த ஓட்டத்தைத்தான் நாம் நல்ல ஊழியம் என்று மெச்சிக்கொண்டிருக்கிறோம்.

1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் எல்லா ஊருக்கும் தானே ஓடிச் சபைகளை வளர்க்கவில்லை. குருப்பட்டம் பெறாத ஊழியர்களான உபதேசிமாரைப் பயிற்றுவித்து ஊர் ஊராக வைத்தார். அவர்கள்தான் அன்றாடம் ஜெபம் நடத்தினார்கள், பிள்ளைகளுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று அந்த உபதேசியின் இடத்தில் இருக்கிற சபை ஊழியரிடம் நாம் கொடுத்திருப்பது காணிக்கை ரசீது புத்தகம். துக்க வீட்டுக்கு முதலில் ஓடுகிறவர் அவர்தான், ராத்திரி முழுக்கப் பாட்டுப் பாடி உட்கார்ந்திருப்பவரும் அவர்தான், ஆனால் ஐயர் வந்து சேரும்வரை பெட்டியை எடுக்க விடமாட்டோம். இதில் ஐயரை மட்டும் குறை சொல்ல முடியாது, நம் கௌரவமும் இருக்கிறது.

திருவிருந்தைக் குருவானவர்தான் நடத்த வேண்டும், எங்கள் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) முறை அது, அதில் பேச்சில்லை. அதனால்தான் சின்னச் சபைக்குக் கொடுத்த தேதியை மாற்றக் கூடாது என்கிறேன். தலைமைச் சபையில் பெரிய வீட்டு விசேஷம் வந்தால் தள்ளிப்போவது எப்போதும் இருபது குடும்பம் உள்ள சபைதான். பிள்ளைகள் சென்னை, மும்பை என்று போய்விட்ட ஊர் அது, மிச்சமிருக்கிற ஆச்சிமார் முந்தின சாயங்காலமே கோயிலைக் கூட்டிப் பாய் விரித்து வைத்திருப்பார்கள். காலையில் போன் வரும், "அடுத்த வாரம் பார்ப்போம்."

அப்புறம் அந்தச் சபையில் காணிக்கை குறைகிறது என்று கமிட்டியில் கணக்கு வாசிப்போம். அந்தக் கமிட்டியை எப்போதும் தலைமைச் சபையிலேயே கூட்டாமல், ஒரு தடவையாவது அங்கே போய்க் கூட்டுங்கள். பஸ் எத்தனை மணிக்குக் கடைசி என்றாவது நம் மெம்பர்களுக்குத் தெரியவரும்.