நெகேமியா ஜெபம் மட்டுமா பண்ணார்?
உங்க பதிவுல, நாட்டுல கலவரமோ பஞ்சமோ வந்தா விசுவாசிங்க முழங்கால்ல நின்னா போதும், மத்ததை கர்த்தர் பாத்துப்பார்னு எழுதிட்டு பைபிள்ல வர்ற நெகேமியாவை உதாரணம் காட்டியிருக்கீங்க, ஆனா அவர் புஸ்தகத்துல முதல் அதிகாரத்தோட நிறுத்திட்டீங்களே. எருசலேம் அலங்கம் (மதில் சுவர்) இடிஞ்சு கெடக்குன்னு கேட்டு அழுது உபவாசம் இருந்த அதே மனுஷன்தான் ரெண்டாம் அதிகாரத்துல ராஜாகிட்ட அதைத் திரும்பக் கட்ட லெட்டரும் மரமும் கேட்டு வாங்குறார், நாலாவதுல ஜெபமும் பண்ணி ராத்திரி பகலா காவலும் வைக்கிறார். மேல கமெண்ட்ல ஒருத்தர் ஜெபத்தால எந்த சண்டை நின்னுச்சுன்னு கேட்டிருக்கார், 2003ல உள்நாட்டுப் போர் நடந்துட்டிருந்த ஆப்பிரிக்க நாடு லைபீரியாவுல என்ன நடந்துச்சுன்னு பாருங்க சார், கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளை உடுத்தி தலைநகர் மன்ரோவியாவுல மீன் மார்க்கெட் பக்கம் வெயில் மழைன்னு பாக்காம உக்காந்து ஜெபிச்சாங்க, அதோட விடாம சமாதானப் பேச்சுவார்த்தை நடந்த கானாவுக்கே போய் ஹால் வாசலை மறிச்சு உக்காந்தாங்க, ஆகஸ்ட்ல ஒப்பந்தம் கையெழுத்தாச்சு (அவங்க மட்டும்தான் காரணம்னு சொல்ல வரல). இன்னொண்ணு, பைபிள்ல தானியேல் 9ஆம் அதிகாரத்துல தானியேல் தன் ஜனங்களுக்காக ஜெபிக்கும்போது அவங்க பாவம் பண்ணாங்கன்னு சொல்லல, நாங்க பண்ணோம்னு தன்னையும் சேத்துக்கிறார், நம்ம ஜெபம் பாதி நேரம் அடுத்தவங்க மேல கம்ப்ளெயின்ட் மாதிரிதான் இருக்கு. எங்க ஜெபக்கூட்டத்துல ஒரு தடவை ஒரு வயசான அம்மா, எதிர்ப்பக்கம் சண்டை போடுற பசங்களோட அம்மாமாருக்காகவும் ஆண்டவரேன்னு ஆரம்பிச்சாங்க, அதுவரைக்கும் சத்தமா வந்துட்டிருந்த ஆமென் அப்படியே நின்னுபோச்சு, நானும் சொல்லல, கண்ணை மூடிட்டு சும்மா இருந்தேன்.